இடுப்புக்கு அளந்த சாக்கு

பூண்டுலோயா கடைத்தெருவில், மழையில் நனைந்த சாக்கின் வாசம் என்னைச் சின்ன வயதுக்கு, தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக்கே இழுத்துப்போனது.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்பா ஒரு சாக்கு கொண்டுவந்தார், கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குக்கு.

"பொட்டப்புள்ளைக்குப் படிச்சது போதும். நாளைக்குத் தோட்டத்துல பேர் பதியணும். இத அளந்து வெட்டு."

அம்மா என் இடுப்பை அளந்தாள், வெட்டினாள், அடுப்படியில் குந்தித் தைத்தாள். காலையில் அது புத்தகப்பையாக என் தோளில் தொங்கியது.

"படங்கு எங்கடி?" அப்பா கத்தினார்.

"அவ பேரு பள்ளிக்கூடத்துல பதிஞ்சிருக்குங்க. ஒருத்தி பேர ரெண்டு எடத்துல பதிவாங்களா?"

அப்பா தனியாகத் தோட்டத்துக்குக் கிளம்பினார். அண்ணனின் துணிப்பை அந்த மழைக்காலத்தையே தாங்கவில்லை. என் சாக்குப்பை கடைசிப் பரீட்சைவரை வந்தது.

"நனைஞ்ச சாக்கப் பாத்து ஏன் சிரிக்கிறீங்க, டீச்சர்?" என்றார் கடைக்காரர்.