எப்போதும் நூறில் நின்ற கார்

முப்பத்தைந்து ஆண்டுகள் பிறர் கோப்புகளில் பிழை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன் நான். மின்சாரக் கார் வாங்கியதும் கையேட்டை அடிக்கோடிட்டுப் படித்தேன். அன்றாடம் எண்பது சதவீத சார்ஜ் போதும். நீண்ட பயணத்துக்கு முதல் நாள் மட்டும் நூறு. எப்போதும் நூறிலேயே நிறுத்தி வைத்தால் பேட்டரி தேயும்.

பிரான்சில் இருக்கும் மகள், "அடுத்த மாசம் வரேம்ப்பா" என்பாள். எனக்கு ஒவ்வொரு நாளும் பயணத்துக்கு முதல் நாள்தான். பெரிய மார்க்கெட்டைத் தவிர எங்கும் போகாமல், முதலியார்பேட்டை வீட்டு வாசலில் மூன்று ஆண்டுகள் நூறிலேயே நின்றது கார்.

ஒருவழியாக வந்தாள். புதுக் காராக இருந்தபோது சென்னை விமான நிலையத்துக்குப் போய்த் திரும்பப் போதுமாக இருந்திருக்கும் சார்ஜ், அவளை அழைத்துக்கொண்டு திரும்புகையில் திண்டிவனம் வருவதற்குள் தீரும் நிலைக்கு வந்தது. ஏசியை அணைத்துவிட்டு, வியர்க்க விறுவிறுக்க அங்கிருந்த சார்ஜிங் நிலையத்துக்கு ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம்.

"மூணு வருஷமா நூறுலயே வச்சிருந்தியா? ஊருக்கே ரூல்ஸ் சொல்லுவியேப்பா!"

"நீ எப்ப வருவேன்னு யாரு கண்டா?"

அவள் சிரிக்கவில்லை. டீ வாங்கி வந்து, ஒரு மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். இங்கிருந்த நான்கு நாட்களில் மற்ற நேரமெல்லாம் உறவினர் வீடுகளுக்கும் போனுக்கும் போய்விட்டது.

இப்போது எண்பதோடு நிறுத்திவிடுகிறேன். ஒரே ஒரு விதிமீறல் உண்டு. அவளை வழியனுப்பிய அன்று நூறு வைத்திருக்க வேண்டும். நான் ஐம்பதோடு, மூன்று மணி நேரம் முன்னதாகவே கிளம்பினேன். திண்டிவனத்தில் நிற்க வேண்டியிருந்தது.