நான் அச்சேற்றிய மைதா வைத்தியம்

2005 வாக்கில் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டைப் செய்யும் வேலை பார்த்தேன். தினசரி காலண்டர்தான் எங்களுக்குப் பெரிய ஆர்டர். தாளின் முன்பக்கம் தேதி, ராகுகாலம். பின்பக்கம் ஏதாவது ஒரு மருத்துவக் குறிப்பு. ராகுகாலம் மாறிப்போனால் மொத்த லோடும் திரும்பி வந்துவிடும் என்று முன்பக்கத்தை மூன்று பேர் சரிபார்ப்போம். பின்பக்கத்தை ஒருவரும் சீந்தமாட்டார்கள்.

அந்த வருடம் குறிப்புகள் போதவில்லை. பிரவுசிங் சென்டருக்குப் போய் மெயிலைத் திறந்தால், தோழி ஒருத்தி அனுப்பியது கண்ணில் பட்டது. தீக்காயம் பட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், உடனே மைதா மாவைக் கொட்டுங்கள், கொப்புளமே வராது; பெரிய டாக்டர் ஒருவர் சொன்னது, பத்துப் பேருக்கு அனுப்புங்கள். எந்த டாக்டர், எந்த ஊர், ஒன்றும் கிடையாது. எங்கள் பட்டாசு ஊருக்கு இதைவிடப் பொருத்தமான குறிப்பு கிடைக்குமா என்று எனக்கு ஒரே பெருமை. அப்படியே டைப் செய்து கொடுத்துவிட்டேன்.

மறு வருடம் மார்ச் மாதம் பக்கத்து வீட்டு அக்கா கையில் கொதிக்கிற எண்ணெய் கொட்டிவிட்டது. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் திரி வைக்கிறவர் அவர். அந்தக் கை ஓடினால்தான் வீட்டில் அடுப்பெரியும். அலறல் கேட்டு நான் ஓடுவதற்குள் அவர் கணவர் கை முழுக்க மைதாவை அப்பியிருந்தார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் அந்த மாவை ஊறவைத்து எடுக்க எடுக்கத் தோலும் கூடவே வந்தது. அக்கா கதறியதை என்னால் நின்று பார்க்க முடியவில்லை.

"குழாயத் தொறந்து கைய நீட்டியிருந்தாப் பாதி வேதனை கொறஞ்சிருக்கும். எந்த மேதாவி இதச் சொன்னது?" என்று நர்ஸ் கத்தினார்.

"காலண்டர்லயே போட்டிருக்கு தாயி. வெவரம் தெரியாமயா அச்சடிப்பாக?" என்று அக்கா வீட்டு அண்ணன், கிழித்துப் பத்திரமாக வைத்திருந்த தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"நான்தாண்ணே டைப் பண்ணேன். நெட்டுல வந்துச்சு, யார்ட்டயும் கேக்கல" என்றேன்.

"நெட்டுலயே வந்துச்சா? அப்பத் தப்பா இருக்காதும்மா. நாந்தான் மாவ லேட்டாப் போட்டிருப்பேன்."

தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது? முதலாளியிடம் சொன்னால், "அடுத்த வருசம் மாத்திக்கிடலாம், விடும்மா" என்கிறார். அதுவரை எத்தனை வீட்டுச் சுவரில் அது தொங்கும் என்று அவருக்குக் கவலையே இல்லை.

அக்கா மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. போன பிறகும் இரண்டு விரல்கள் சரியாக மடங்கவில்லை; திரி வைக்க முடியாமல் கூலி குறைந்த வேலைக்கு மாறினார். என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. "படிச்ச பிள்ளைக தெரிஞ்சுதான் போட்டிருப்பாகன்னு அவுக நம்பிட்டாக" என்றார், அவ்வளவுதான்.

இன்றும் போனில் யாராவது வைத்தியம் அனுப்பினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதில் பாதிக் கோபம் அனுப்பியவர் மேல், மீதி முழுவதும் கேட்காமல் அச்சேற்றி ஒரு கையைக் கெடுத்த என் மேல்.