வைஜயந்தி அக்கா படகு வாங்கிய கார்த்திகை

பூனாவுக்குப் பக்கத்தில் தேஹு ரோட்டில் எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருப்பவர் வைஜயந்தி அக்கா. கீழ்வீட்டில் நான். எனக்கு ஒரு பழைய ஜீப் உண்டு. வாரநாட்களில் பள்ளிக் குழந்தைகள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளந்திக் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று அதுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. அக்கா முப்பத்தோரு வருஷம் ராணுவக் கிடங்கில் கூடாரத் துணியும் தார்ப்பாயும் தைத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "மெஷின விட்டு எந்திரிக்க நேரம் கிடைக்கல" என்பார். கேட்டவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் போய்விடுவார்கள்.

அக்காவுக்கு ஒரே ஒரு கதைதான் உண்டு. கிடங்கில் வேலை செய்பவர்களை ஒரு தடவை கடக்வாஸ்லா ஏரிக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். அங்கே ஓர் அதிகாரியின் பாய்மரப் படகில் பாய் கிழிந்துவிட்டது. அக்காவின் பையில் எப்போதும் கோணி ஊசியும் மெழுகு தடவிய நூலும் இருக்கும். கரையிலேயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். கூலி வாங்க மாட்டேன் என்றதும், அப்படியானால் ஒரு சுற்று வாருங்கள் என்று அந்த அதிகாரி ஏற்றிக்கொண்டார். கால் மணி நேரம்.

"மோட்டார் இல்ல, துடுப்பு இல்ல, சபரி. நான் தச்ச துணி என்னையே இழுத்துக்கிட்டுப் போச்சு" என்பார் அக்கா. சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாலும் அந்த இடம் வந்ததும் கை நின்றுவிடும்.

ஓய்வு பெற்ற பிறகு இரண்டு குளிர்காலம் ஏரிக்கரைக் கிளப் ஒன்றில் பணம் கட்டிப் பாய்ப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டார். கூடப் படித்ததெல்லாம் காலேஜ் பிள்ளைகள். அக்காவின் அண்ணி பட்டு மாமி தாபோடியிலிருந்து வந்தபோது மாடிப்படியிலேயே ஆரம்பித்தார்: "சைக்கிள் ஓட்டத் தெரியாது, கப்பல் ஓட்டப் போறாளாம். ஊர்ல இருக்கிற முட்டி வலியெல்லாம் தண்ணியில கரைஞ்சிடுமா?"

"முட்டி படகுல மடங்கித்தான் அண்ணி இருக்கணும். எனக்கு அது ரொம்ப சௌகரியம்" என்றார் அக்கா.

ஐப்பசி கடைசியில் ஒருநாள் நான் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா இறங்கி வந்தார்.

"சபரி, இதுக்குப் பின்னால கொக்கி போடலாமா?"

"போடலாம்க்கா. எதுக்கு?"

"படகு இழுக்க."

வாளியிலிருந்த தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டதுகூட எனக்குத் தெரியவில்லை. அக்கா நிதானமாகச் சொன்னார். பதினாலு அடிப் படகு. இரண்டு சக்கர இழுவை வண்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டு போகலாம். ஏரிக்கரையில் நிறுத்த மாதாமாதம் வாடகை. நம் கட்டடத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளக் கமிட்டியில் சம்மதம் வாங்கியாகிவிட்டது. புதுசு வாங்க முடியாது. யாராவது வைத்திருந்து விற்கிற பழசுதான்.

"என்கிட்ட இருக்கிறது லட்சத்து இருபதாயிரம். ஒரு தடவைதான் சபரி. தப்பானத எடுத்துட்டா மறுபடி எடுக்க வழியில்ல. துணி எனக்குத் தெரியும். சக்கரம், இரும்பு, அதெல்லாம் நீ பார்த்துச் சொல்லு."

சரி என்றேன். அன்று ராத்திரி எனக்கு ஒரு கனவு. பழைய நெடுஞ்சாலையில் ஜீப் ஓட்டிப் போகிறேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வெள்ளையாக ஒன்று, கயிற்றில் பிடித்து வந்த பசு மாதிரி, சத்தமில்லாமல் வருகிறது. சாலையெல்லாம் தண்ணீர். யாரும் ஆரன் அடிக்கவில்லை.

கார்த்திகை முதல் தேதி நான் மாலை போட்டேன். பதினாலு வருஷமாகப் போடுகிறேன். கறுப்பு வேட்டி, துளசி மாலை, காலில் செருப்பு கிடையாது. பூனாவின் கார்த்திகைக் குளிரில் ஜீப் பெடல் பனிக்கட்டி போல் இருக்கும். கொஞ்ச நாளில் பாதம் அதற்குப் பழகிவிடும். எது சூடு, எது ஈரம், எது மண், எது சிமெண்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

முதல் படகு பான்ஷேத் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் இருந்தது. நீல நிறம், பார்க்கக் கண்ணைப் பறித்தது. அக்கா அதன் பக்கமே போகவில்லை. பாயைக் கொண்டுவரச் சொல்லி, ஓர் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார். அப்பளம் மாதிரி விட்டுப்போனது.

"வெயில் தின்னுட்டுது" என்றார். "கிழிஞ்சத தைக்கலாம். நைஞ்சத தைக்க முடியாது. ஊசி போன இடமெல்லாம் புதுக் கிழிசல்தான்." கிடங்கில் தார்ப்பாய்களை அப்படித்தான் இரண்டு குவியலாகப் பிரிப்பார்களாம்.

இரண்டாவது பவனா ஏரிப் பக்கம். பாய் நன்றாக இருந்தது. நான் வண்டியின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். பேரிங் மண்ணை மெல்லுகிற மாதிரி சத்தம். அச்சில் துரு செதில் செதிலாக உரிந்தது. "மலை ரோட்டுல எறங்கினா சக்கரம் முன்னால போகும்க்கா, படகு பின்னால வரும்" என்றேன். திரும்பிவிட்டோம். வரும் வழியில் இரண்டு பேருக்கும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நமக்குப் பார்க்கத் தெரிகிறது என்று.

மூன்றாவது ஹடப்சரில். கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஸ்டீபன் என்ற கோயம்புத்தூர்க்காரர். மகள் ரீனா ஊரில் இருக்கிறாள். அவரும் அங்கேயே போகப் போகிறார். அடுக்குமாடியின் கார் நிறுத்தும் இடத்தில், கடைசித் தூணுக்குப் பின்னால், உறை போட்டு வைத்திருந்தார். உறையை நீக்கினார். வெள்ளைப் படகு. பின்புறம் நீல எழுத்தில் ரீனா என்று எழுதியிருந்தது.

"அவ சின்னப் பொண்ணா இருக்கிறப்ப வாங்கினதுங்க. நாலு வருஷமா தண்ணியில எறக்கல. மனசு வரல, விக்கவும் மனசு வரல" என்றார் ஸ்டீபன்.

அக்கா பாயைப் பிரித்து முதல் மாடி வராந்தாக் கம்பியில் ஒரு முனையைக் கட்டச் சொன்னார். அது கீழே வரை வழிந்து தொங்கியது. தூண்களுக்கு நடுவே வெயில் சாய்வாக வந்து அதில் விழுந்தது. அக்கா தையல் தையலாக விரலை வைத்துக்கொண்டே போனார், ஜபமணி உருட்டுகிற மாதிரி. எங்கிருந்தோ ஒரு காற்று வந்தது. துணி மெல்ல வயிறு நிறைந்து, அக்காவைத் தொட்டுவிட்டு மறுபடி அடங்கியது. அக்காவின் கை நின்றுவிட்டது.

நான் சக்கரங்களைச் சுற்றினேன். எண்ணெய் விட்ட கதவு மாதிரி சத்தமே இல்லை. டயர் இரண்டிலும் விரிசல் இல்லை. அச்சில் பெயிண்ட்கூடப் போகவில்லை.

"நல்லா இருக்குக்கா."

"இதுவும் நல்லா இருக்கு சபரி."

அவ்வளவுதான். விலை படிந்தது. அக்கா பையிலிருந்து சின்னத் தட்டை எடுத்தார். இரண்டு வெற்றிலை, பாக்கு, அதன்மேல் முன்பணம், அதன்மேல் ஒரு ரூபாய் நாணயம். தையல் மெஷின் வாங்கினாலும் சரி, தங்கத் தோடு வாங்கினாலும் சரி, அக்கா அப்படித்தான் கொடுப்பார். ஸ்டீபன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தாம்பூலம் கை மாறினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

"சாமி, நீ மாலை போட்டிருக்கே. பாய்மரத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு வை" என்றார் அக்கா.

நான் ஸ்டீபனைப் பார்த்தேன். "வைங்க சாமி, எனக்கென்ன. நான் சிலுவை போட்டுத்தான் எறக்கினேன், நல்லாத்தான் ஓடுச்சு" என்றார்.

படகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே கால் வைத்தேன். சரணம் சொல்லிக்கொண்டே பொட்டு வைத்தேன். பின்னால் ஓர் அடி நகர்ந்தபோது வலது குதிகால் கொஞ்சம் கீழே போனது. கொஞ்சம்தான். நன்றாக ஊறிய அவலை அழுத்துகிற மாதிரி. மறுபடி அழுத்தினேன். மறுபடி போனது. செருப்பு போட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

அப்போதுதான் புரிந்தது. மூன்று வாரமாக அக்கா துணியைப் பார்த்தார், நான் சக்கரத்தைப் பார்த்தேன். நடுவில் படகு என்று ஒன்று இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

கீழே அக்கா பாயை மடித்துக்கொண்டிருந்தார். குழந்தைக்குப் போர்வை மடிக்கிற மாதிரி. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். தாம்பூலம் கொடுத்தாகிவிட்டது. மாற்றினால் அக்காவின் வாக்கு போகும், மாற்றாவிட்டால் அக்காவின் பணம் போகும். ஆனால் மாலை போட்டுக்கொண்டு பொய் சொல்லக்கூடாது. வாயை மூடிக்கொண்டு நிற்பதும் அதில் சேர்த்திதான்.

"அக்கா" என்றேன். "இங்க தரை மெத்துனு இருக்கு."

ஸ்டீபன் ஏறி வந்து ஷூ காலால் மிதித்தார், அவருக்குத் தெரியவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு மிதித்தார். முகம் சுருங்கிவிட்டது.

"நான் எப்பவும் அந்தப் பக்கம்தாங்க உக்காருவேன். சத்தியமா எனக்குத் தெரியாது. இந்தாங்க, தாம்பூலத்தத் திருப்பி வாங்கிக்குங்க."

"குடுத்தத திருப்பி வாங்குற பழக்கம் எனக்கில்ல" என்றார் அக்கா. "அரை மணி நேரம் குடுங்க சார்."

செருப்பைக் கழற்றிவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பையிலிருந்து கோணி ஊசியையும் தையல்காரர் சாக்கட்டியையும் எடுத்தார். நான் காட்டிய இடத்தில் ஊசியை அழுத்தினார். மேலே இருந்த மெல்லிய பைபரைத் துளைத்து, உள்ளே மரத்தில் சுலபமாக இறங்கியது. வெளியே எடுத்தபோது நுனியில் ஈரம். பக்கத்தில் நாலு விரல் தள்ளி அழுத்தினார். இறங்கியது. இன்னும் தள்ளி. இறங்கியது. நைந்த துணியில் ஊசி போகிற மாதிரி படகு முழுக்கப் போய்க்கொண்டே இருக்குமோ என்று ஐயப்பனை வேண்டிக்கொண்டேன்.

ஆறாவது இடத்தில் ஊசி நின்றது.

அக்கா இன்னொரு முறை, முழு பலத்தோடு அழுத்தினார். அசையவில்லை. அங்கே சாக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தார். அப்படியே சுற்றிச் சுற்றி, இறங்குகிற இடம், நிற்கிற இடம், புள்ளி. கடைசியில் புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு போட்டார். ஒரு பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவு. அதற்கு வெளியே எல்லாம் கல்.

பிறகு நாங்கள் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல், செய்தித்தாளை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, படகின் அடிப்பாகத்தை ஒரு சாண் விடாமல் தடவிப் பார்த்தார். வெளியே வரும்போது முடியெல்லாம் தூசி.

"அடி கெட்டி. தண்ணி கீழ இருந்து வரல. மழைச் சாரல் உறைக்குள்ள எறங்கி நின்னு உள்பக்கத் தரை மட்டும் போயிருக்கு" என்றார். "இது நைஞ்சது இல்ல சபரி. ஒட்டுப் போடுற கேஸ்."

ஒட்டுப் போடுகிற செலவை ஸ்டீபனே விலையில் குறைத்துக்கொண்டார். அக்கா கேட்கவில்லை. "ரீனாங்கிற பேர மட்டும் அழிக்காம வெச்சிருப்பீங்களா?" என்று அவர்தான் கேட்டார்.

"பேரு என்ன பண்ணுச்சு பாவம்" என்றார் அக்கா.

தாபோடியில் இஸ்மாயில் பாய் என்பவர் பைபர் வேலை செய்கிறார்; ஆட்டோக் கூரை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவரிடம்தான் வரும். சாக்கட்டிக் கோட்டைப் பார்த்து, இதை யார் போட்டது என்று இந்தியில் கேட்டார். கோட்டின்மேலேயே வெட்டினார். கோட்டுக்கு உள்ளே பலகை ஊறிய டீத்தூள் மாதிரி கறுப்பு. வெளியே வெட்டிய விளிம்பெல்லாம் மஞ்சளாக, புதுப் பலகை மாதிரி. இஸ்மாயில் பாய் அக்காவைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

நான் சபரிமலை போய் வந்து மாலை கழற்றினேன். தை மாதம் ஒரு காலையில் படகை இழுத்துக்கொண்டு கடக்வாஸ்லா ஏரிக்குப் போனோம். கண்ணாடியில் பார்த்தேன். கனவில் வந்த மாதிரியேதான் பின்னால் வந்தது, ஆனால் எல்லாரும் ஆரன் அடித்தார்கள்.

தண்ணீரில் இறக்கினோம். பாய்மரத்தில் நான் வைத்த பொட்டு காய்ந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்தார். நான் செருப்பைக் கரையில் விட்டுவிட்டு ஏறினேன்.

"மாலைதான் கழட்டிட்டியே?"

"இருக்கட்டும்க்கா."

ஒட்டுப் போட்ட இடத்தில் பாதத்தை வைத்தேன். கெட்டியாக, உலர்ந்து, வெயிலில் கொஞ்சம் சூடாக இருந்தது. காற்று வரவில்லை. ஏரி கண்ணாடித் தட்டு மாதிரி கிடந்தது. சின்ஹகட் கோட்டை மலை தலைகீழாக அதில் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம், கோயிலில் திரை விலகக் காத்திருப்பது போல. பிறகு தூரத்தில் காற்று பட்டுத் தண்ணீர் கறுத்தது. அந்தக் கறுப்பு எங்களை நோக்கி நடந்து வந்தது. பாய் ஒரு தடவை படபடத்தது. வயிறு நிறைந்தது. படகுக்கு அடியில் யாரோ மெல்லச் சிரிக்கிற மாதிரி தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

நான் கண்ணை மூடிச் சரணம் சொல்ல ஆரம்பித்தேன்.

"கண்ணத் தொற சாமி" என்றார் அக்கா. "இப்பத் திருப்பப் போறேன். குறுக்குக் கட்டை வரும், தலையக் குனி."

குனிந்தேன். பாய் தலைக்கு மேலே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. நிமிர்ந்தபோது கரையும் என் செருப்பும் ஜீப்பும் வேறு பக்கத்தில் இருந்தன, ரொம்பச் சின்னதாக. அக்கா அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.