பழைய சட்டையும் பொயிலர் போர்டும்

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவில், ஒரு மாசி மாதம் நடந்தது இது. மகன் பிறந்து இரண்டாம் நாள். நான் இன்னும் ஆஸ்பத்திரியில். நாளைக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டுவிடுவார்கள் என்று தாதி சொல்லிவிட்டுப் போக, கட்டில் பக்கத்து ஃபோன் அடித்தது. வீட்டில் பொயிலர் நின்றுவிட்டது என்றார் என் கணவர்.

வெளியே காது விறைக்கிற குளிர். அது நாங்கள் வாங்கி நாலைந்து மாதமே ஆன பழைய வீடு. பேஸ்மென்ற்றில் இருக்கிற பொயிலர் தண்ணீரைச் சூடாக்கி, அறைகளில் இருக்கிற இரும்பு ரேடியேற்றர்களுக்கு அனுப்பும். அது நின்றால் வீடு ஐஸ்பெட்டிதான்.

திருத்த வந்த போர்த்துக்கீசர், அதை இயக்குகிற மின்பலகை, சேர்க்கிற் போர்ட், எரிந்துவிட்டது என்றாராம். புதுசு அமெரிக்காவிலிருந்து வர ஒரு கிழமையாவது செல்லும். ஆனால் வேறொரு வீட்டில் கழற்றித் திருத்திய போர்ட் ஒன்று தன் வான் வண்டியில் இருக்கிறது. எரிந்த பாகங்களை மாற்றிச் சோதித்துப் பார்த்தது. இப்போதே பொருத்திப் பூட்டலாம் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டு ராசா வேண்டாம் என்று ஆளை அனுப்பிவிட்டார்!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவருடைய பிடிவாதத்தின் வேர் எனக்குத் தெரியும். கனடாவுக்கு வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுண் அப்பார்ட்மென்ற்றில் இருந்த காலத்தில் எங்கள் சோபா குப்பை அறையில் எடுத்தது. மெத்தை யாரோ தந்தது. அவருடைய குளிர்கோட்டின் கொலரில் யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பெயர் தைத்திருந்தது. பகல் முழுக்க மிசிசாகாவில் புத்தம்புதுச் சாமான்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை. வீட்டுக்கு வந்தால் எல்லாம் பிறத்தியார் பாவித்தது. சொந்த வீட்டுக்குள் அப்படி ஒன்றும் வராது என்று மனுசன் சபதம் எடுத்திருந்தார். வீடே ஆரோ இருந்த வீடுதானே என்று நான் பகிடி பண்ணினால் முகம் கறுத்துவிடும்.

"என்ரை பிள்ளை முதன்முதலா வாற வீடு. அதுக்குள்ளை ஆரோ பாவிச்சு எரிஞ்ச சாமானைப் பூட்டச் சொல்லுறியோ? நீங்கள் ரெண்டுபேரும் ஒரு கிழமைக்கு அக்கா வீட்டை நில்லுங்கோ" என்றார்.

அந்த அக்கா அப்போது என் பக்கத்தில்தான் நின்றார். பழைய அப்பார்ட்மென்ற்றில் எங்களுக்கு அடுத்த கதவு. பிள்ளை பெற்றவளுக்கென்று மிளகு சீரகச் சரக்கு அரைத்த மீன்குழம்போடு, தன் மகன் போட்ட பழைய சட்டை ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். தோய்த்துத் தோய்த்துப் பஞ்சாகிப்போன சட்டை. பிறந்த பிள்ளைக்குப் புதுச்சட்டை போடுவதில்லை. நோய்நொடியில்லாமல் வளர்ந்த பிள்ளையின் பழைய சட்டையைத்தான் முதலில் போடுவோம். நான் ஃபோனில் சண்டை பிடிக்க, அக்கா அதைப் பிள்ளைக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பார்த்தேன். கேள்வி தானாக வாயில் வந்தது.

"இஞ்சாருங்கோ, அக்கா பிள்ளைக்கு ஒரு பழஞ்சட்டை போடுறா. ஆரோ பாவிச்சது. கழட்டச் சொல்லட்டோ?"

"விசரே உனக்கு? அது ஆசீர்வாதமெல்லோ."

"அப்ப உந்தப் போர்ட்டும் ஆரோ ஒரு வீட்டைச் சூடாக்கினதுதானேயப்பா."

"சரி, ஃபோனை வை" என்றார், அவ்வளவுதான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அடுத்த நாள் பிள்ளையோடு வாசல் கதவைத் திறக்கிறேன், கதகதவென்று சூடு முகத்தில் அடித்தது. ரேடியேற்றர் 'டக் டக்' என்று தட்டிக்கொண்டிருந்தது. இவர் பிள்ளையை வாங்கி, அந்தச் சட்டையோடேயே நெஞ்சில் அணைத்துக்கொண்டு ரேடியேற்றர் பக்கத்தில் போய் நின்றார். கண் கலங்கியிருந்தது. நானும் அழுதேன்.

அந்தப் போர்ட் ஒரு குளிருக்கும் எங்களைக் கைவிடவில்லை. மகன் என்னைவிட உயரமாக வளர்ந்த பிறகுதான், பொயிலரின் தண்ணீர்த் தாங்கியில் ஓட்டை விழுந்து முழுவதையும் மாற்றினோம். பழையதைத் தூக்கிக்கொண்டு போன ஆட்களை இவர் வாசலில் மறித்தார். போர்ட்டைக் கழற்றச் சொல்லி வாங்கி, பேப்பரில் பக்குவமாகச் சுற்றினார்.

"நல்லா ஓடின போர்ட். ஆரோ ஒராளின்ரை வீட்டுக்கு உதவும்" என்று சொல்லிக்கொண்டு, பழைய போர்ட்டுகள் எடுக்கிற கடைக்குக் காரில் வெளிக்கிட்டார்.

அந்தச் சட்டையும் எங்களிடம் இல்லை. புதிதாக வந்த ஒரு குடும்பத்தின் கைப்பிள்ளைக்கு எப்போதோ போய்விட்டது. வந்த நாள் தொட்டு மற்றவர்கள் பாவித்ததை வாங்கியே வாழ்ந்த எங்களிடம் இன்னொருவருக்குக் கொடுக்கவும் ஒன்று இருந்தது. அவர் அந்தப் பேப்பர்ப் பொட்டலத்தோடு படியிறங்கிப் போன அன்றைக்குத்தான் இது எங்களுடைய ஊர் என்று எனக்குத் தோன்றியது.