நாற்காலியை விட்டு எழுந்த பழனியப்பண்ணன்

நேற்றுக் காலை எருமப்பட்டியிலிருந்து எங்கள் குழுவின் ராசு போன் செய்தார். “பழனியப்பண்ணன் தவறிட்டாருங்க. உடனே வாங்க.” பழக்க தோஷம், கயிறு, டார்ச், பிஸ்கட் எல்லாம் எடுத்து வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தேடப் போகும் வேலையில்லை என்று பாதி வழியில்தான் உறைத்தது.

கொல்லிமலை அடிவாரக் காட்டில் யாராவது வழி தவறினால் தேடப் போகும் எங்கள் தன்னார்வக் குழுவுக்கு அவர்தான் தலைவர். போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையேறும் முழங்கால் அவருக்கு இல்லை. அடிவாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாக்கிடாக்கியில் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இருக்கும் இடத்தை மேப்பில் குறித்துக்கொள்வார். “டவர் இல்லாத காட்டுல உங்க குரல்தான் சாமி உங்க விலாசம். தேடப் போனவனத் தேட வெச்சுராதீங்க” என்பார்.

அவரிடம் பொய் செல்லாது. ஒருமுறை, “பாறைகிட்ட வந்துட்டேங்கண்ணா” என்றேன்.

“ஏனுங்க சாமி, பாறைமேல யாரு கிளாஸ் கழுவறது?” என்றார். டீக்கடையை விட்டு எழுந்தேன்.

சென்ற ஆண்டு சேலத்துக்காரர் ஒருவர் காணாமல் போனார். தேடப் போன நான் ஓடைச் சரிவில் உருண்டேன். என்னை முள்ளுப் புதர் தாங்கிக்கொண்டது, வாக்கிடாக்கியைத் தாங்கவில்லை. அண்ணன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். ‘அடிவாரத்தில் இருப்பவர் இடத்தை விட்டு நகரக்கூடாது’ என்று சட்டம் பேசியவர், தடியை ஊன்றிக்கொண்டு, நான் கடைசியாகச் சொன்ன இடத்தை நோக்கித் தனியாகவே காட்டுக்குள் நுழைந்துவிட்டார். நல்லவேளை, அன்று உண்மையைச் சொல்லியிருந்தேன்.

மேலே இருந்த ராசு வாக்கிடாக்கியில் அடிவாரத்தைக் கூப்பிட, பதில் சொன்ன குரல் புதிது.

“ஏனுங்க, யாருங்க பேசறது?”

“நாந்தாங்க, காணாமப் போனவன். தானா எறங்கி வந்துட்டேன். இங்க ஒருத்தருமில்லீங்க. தக்காளி சோறு இருந்துச்சு, சாப்பிட்டேன்.”

“அது எங்க சோறுங்க!”

“அப்படிங்களா? மேப்பு இருக்குது. நீங்க எங்கிருக்கீங்கன்னு சொன்னா குறிச்சுக்கறேன்.”

அண்ணன் என்னைக் கண்டுபிடித்ததும், “உசுரோட இருக்கீங்களா சாமி?” என்றார். இருக்கிறேன் என்று தெரிந்த பிறகுதான் திட்டினார். “வாயத் தொறந்து கத்தறதுக்கென்னுங்க? ஊட்டுல மட்டும் அந்தக் கத்து கத்தறீங்க!” திட்டி முடித்ததும் அவருடைய முழங்கால் மடங்கிவிட்டது. தோளில் சாய்த்து முதுகில் சுமந்துதான் இறக்கினேன். வழிநெடுகக் காதோரம் கட்டளை: “எடப்பக்கம் வேரு இருக்குதுங்க. எருமையாட்டப் போகாதீங்க சாமி!”

நேற்று மாலை மயானத்துக்கும் என் தோளில்தான் வந்தார். மேடு, பள்ளம் எதையும் சொல்லவில்லை. இரண்டு இடத்தில் எனக்குக் கால் இடறியது, ராசு பிடித்துக்கொண்டார்.

ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம், அண்ணா. போய் வாருங்கள்.