அவளுடைய இடது காது

பழைய கம்ப்யூட்டருக்கு நான் எழுதிய, குரலுக்கு எதிரொலி சேர்க்கும் பிளகின் மென்பொருள், பழங்காநத்தம் ஸ்டுடியோவின் புது பிராசஸரில் திணறியது. அதற்கென்றே மாற்றி எழுதினேன். புது பிராசஸர் எண்களைத் தலைகீழ் வரிசையில் படிக்கும். ஓரிடத்தில் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தேன்; அங்கே மெல்லிய ஒலிக்கான சின்ன எண், பேரிரைச்சலுக்கான பெரிய எண்ணாகிவிடும்.

பாடகி செல்வி, தன் குரலும் கேட்க வேண்டுமென்று இடது காதில் மட்டும் ஹெட்போனை வைத்திருந்தாள்.

"புதுசுங்குறீங்க. முதல்ல ஸ்பீக்கர்ல கேட்டுப் பாத்துருவமாண்ணே?"

"அதெல்லாம் வேணாம்மா, நீ பாடு" என்று பிளகினை ஓட விட்டேன்.

பாடும் அறையின் கண்ணாடிக்கு அப்பால் அவள் அலறியபடி ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். கீழே கிடந்தும் அது இரைந்துகொண்டிருந்தது.

"அண்ணே, இந்தக் காதுல ஒண்ணுமே கேக்கலண்ணே."

"ஹெட்போன் கோளாறும்மா" என்றேன்.

இரண்டு வருடம் கழித்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு இடப்பக்கம் நின்று, "செல்வி" என்றேன். திரும்பவில்லை. வலப்பக்கம் போய்க் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.