தப்பு கண்டுபிடிக்கும் வகுப்பு

அடுத்தவர் எழுதிய வாக்கியத்தில் தப்பு கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பதும் ஒரு பிழைப்புதான். தொண்ணூறுகளில் மைசூரில் நான் அப்படித்தான் பிழைத்தேன். மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் ஆங்கிலப் பகுதி ஒன்று உண்டு. ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அதில் பாதியை அடிக்கோடிட்டு, கீழே ஐந்து விடைகள் வைப்பார்கள். முதல் விடையான ‘ஏ’ அந்த அடிக்கோடிட்ட பகுதியேதான், எழுத்து மாறாமல். அதாவது, வாக்கியம் சரியாக இருக்கிறது, கை வைக்காதே என்று அர்த்தம். மற்ற நான்கும் திருத்தங்கள். நீங்களும் இந்தக் கேள்விகளிடம் உதை வாங்கியவர் என்றால், அந்த ‘ஏ’ படுத்தும் பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. வாங்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்களும் படிக்கலாம்.

நேர்முகத் தேர்வு

சரஸ்வதிபுரத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் பயிற்சி நிலையம். நடத்தியவர் பசவராஜு. அவரே கணக்கும் எடுப்பார். என்னை வேலைக்குச் சேர்க்கும்போது ஆங்கிலப் பேப்பரைக் கையில் கொடுத்து, ஒரு பக்கம் உரக்கப் படிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மழை பற்றிய செய்தி முடிந்து வரன் தேடும் விளம்பரங்களுக்கு நான் வந்தபோது, நாளையிலிருந்து வந்துவிடு என்றார்.

அவருக்கு ஒரே ஒரு குறை. வாசலில் பெரிய போர்டு, அதில் பெரிய எழுத்தில் போன் நம்பர், மேஜைமேல் சிவப்பு டெலிபோன், எல்லாம் வைத்திருந்தார். டெலிபோன் மட்டும் அடிக்கவே அடிக்காது. அவ்வப்போது ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பார். உள்ளே சத்தம் ஒழுங்காகத்தான் வரும். பெருமூச்சு விட்டுவிட்டு வைத்துவிடுவார். சேர்ந்த அன்றே அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், நான் இந்தப் பரீட்சையை எழுதியதே இல்லை என்று. அவர் தமிழில் கொஞ்சம் கன்னட வாடை அடிக்கும், ஆனால் விஷயம் தெளிவாக இருக்கும்.

“கணக்கு வாத்தியாருக்கு விடை தெரிஞ்சிருக்கணும். இங்கிலீஷ் வாத்தியாருக்கு மூஞ்சில தைரியம் இருந்தா போதும்.”

எல்லாமே தப்பு

என் மாணவர் செல்வம் தமிழ்நாட்டு எல்லையோர ராமாபுரத்துக்காரர். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். ஓடும் பட்டையில் பிளாஸ்டிக் மூடிகள் வரிசையாக வரும். கோணல், விரிசல் இருப்பதைப் பார்த்து எடுத்துப் போடுவது அவர் வேலை. வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்து, கம்பெனிச் சட்டையிலேயே வகுப்புக்கு வந்துவிடுவார்.

முதல் மாதிரித் தேர்வில் அவர் தாளில் ஒரு ‘ஏ’கூட இல்லை. சரியாக இருந்த வாக்கியங்களையும் விட்டுவைக்கவில்லை, பிடித்துத் திருத்தியிருந்தார். அவற்றில் ஒன்றைக் காட்டி, இதில் என்ன தப்பு கண்டீர்கள் என்று கேட்டேன். வெகுநேரம் உற்றுப் பார்த்தார். தப்பு ஒன்றும் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். அப்புறம் ஏன் திருத்தினீர்கள் என்றேன்.

“அதெப்படிங்க சார், எல்லாம் நல்லாருக்குதுன்னு உட்டுப்போட்டா, மேனேஜரு கேப்பாரில்லீங்களா, அப்புறம் உனக்கு எதுக்குடா சம்பளம்னு?”

எல்லாமே சரி

அதே வகுப்பில் ஜெசிந்தா. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ், மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். அவர் தாளில் மேலிருந்து கீழ்வரை ‘ஏ’ தவிர வேறு எழுத்தே இல்லை. பாவம், ஆங்கிலம் வராது போலிருக்கிறது என்று நினைத்து, எட்டாம் வகுப்பு இலக்கணப் புத்தகம் ஒன்றை நாசூக்காக நீட்டினேன். அவரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். ஒரு நாள் வேறு யாருக்கும் பதில் தெரியாமல் போக, அவரை வாயால் சொல்லச் சொன்னேன். ஊசி போட நரம்பு தேடுகிறவர் மாதிரி ஒரு நொடி பார்த்துவிட்டு, தப்பின்மேல் சரியாக விரலை வைத்தார். அடுத்த வாக்கியத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. புத்தகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெரிய டாக்டர் ஒருவர் மருந்தின் அளவை ஒரு பூஜ்யம் கூட்டி எழுதிவிட்டார். இவர் அதை அடித்துச் சரியான அளவை எழுதியிருக்கிறார். நோயாளி பிழைத்துக்கொண்டார். டாக்டர் போட்ட சத்தத்தில் இவர்தான் பிழைக்கவில்லை. வார்டே வேடிக்கை பார்க்க, தலைமை நர்ஸ் இவரை மன்னிப்புக் கேட்கவைத்தார். அன்றிலிருந்து எழுதியதைத் தொடுவதில்லை.

இதை நான் சிரித்துக்கொண்டே கேட்டிருப்பேன். ஆனால் நோயாளிகளைத் தூக்கித் தூக்கி அவருக்கு முதுகெலும்புத் தட்டு விலகியிருந்தது. இனி வார்டு வேலை கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாலை நேர மேலாண்மைப் படிப்பில் இடம் கிடைத்தால் ஆபீஸில் நாற்காலி தருவார்கள், இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான். படிப்புக்கு வயது வரம்பு வேறு. இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் இல்லை. பரீட்சையிலாவது தயவுசெய்து திருத்துங்கள் என்று கெஞ்சினேன்.

“தப்பு தெரியுது சார். ஆனா இதெல்லாம் யாரோ பெரியவங்க எழுதினது இல்லையா? பேனா அதுக்கு மேல போகவே மாட்டேங்குது.”

சிவப்புச் சீட்டு

என் வைத்தியம் தோற்ற கதையை மறைப்பானேன். செல்வம் ஒவ்வொரு தாளிலும் கொஞ்சமாவது ‘ஏ’ போட்டே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டேன். தப்பான வாக்கியங்களாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டார். ஜெசிந்தா ‘ஏ’ போடவே கூடாது என்றேன். அவர் மரியாதையாக எல்லாவற்றையும் காலியாக விட்டுவிட்டார்.

பரீட்சைக்குச் சில நாட்கள் இருக்கும்போது ஒரு சாயங்காலம் நல்ல மழை. மற்றவர்கள் ஓடிவிட, இவர்கள் இருவர் மட்டும் மழை விடட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது சுத்தமாகித் துடைப்பதற்கு ஒன்றுமில்லாமல் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தேன், பேச்சு அப்படி. ஜெசிந்தா டாக்டர் கதையைச் சொல்ல, பதிலுக்குச் செல்வம் தன் தொழிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். கோணல் மூடியை அவர் நிமிர்த்துவதில்லையாம். மூடி செய்தவரைத் திட்டுவதும் இல்லையாம். அதை எடுத்துப் போட்ட பெட்டியில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டி ஓரமாக வைப்பதோடு சரி. மிச்சத்தை ஆக வேண்டியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். “நீங்க டாக்டரத் திருத்தறதா ஏனுங் சிஸ்டர் நெனைக்கறீங்க? சீட்டு மட்டும் கட்டுங்க.”

ஜெசிந்தா செல்வத்தின் தாளை வாங்கிப் பார்த்தார். வார்டில் புது நர்ஸ்களிடம் பேசுவது இந்தக் குரலில்தான் என்று நினைக்கிறேன்.

“தம்பி, பேஷண்ட்டுக்கு ஒண்ணும் இல்லைன்னா டிஸ்சார்ஜ் பண்ணி அனுப்பறதும் வேலைதான். சும்மா படுக்க வச்சு ஊசி குத்தக் கூடாது.”

பரீட்சை

தேர்வு நடந்த கல்லூரி வாசலில் நானும் போய் நின்றேன். என்னை யாரும் வரச் சொல்லவில்லை. வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். முதலில் செல்வம் வந்தார், முகம் வெளிறிப்போய். பல வாக்கியங்களை டிஸ்சார்ஜ் செய்துவிட்டதாகவும், அதிலிருந்து நெஞ்சு படபடவென்று அடிப்பதாகவும் சொன்னார். நாங்கள் இருவரும் வேலியோரம் நின்று காத்திருந்தோம்.

எல்லோரும் போன பிறகு ஜெசிந்தா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாக வந்தார். மரப் பெஞ்சில் அத்தனை நேரம் உட்கார்ந்தது முதுகுக்கு ஆகவில்லை. எப்படி எழுதினீர்கள் என்று செல்வம்தான் கேட்டார்.

“கேள்வி எழுதினவரு பேரு எங்கேயும் போடல தம்பி. அதனால மரியாதை பார்க்காம சீட்டுக் கட்டிட்டேன்.”

போர்டு

ஜெசிந்தாவுக்கு இடம் கிடைத்தது. செல்வத்துக்கு ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண், கணக்கில் போய்விட்டது. அது பசவராஜுவின் இலாகா, நான் கருத்துச் சொல்வதற்கில்லை.

சில வாரம் கழித்து ஜெசிந்தா ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு மாடியேறி வந்தார். வெள்ளை உடுப்பு இல்லை, நீலச் சேலை. ஆபீஸில் நாற்காலி கொடுத்துவிட்டார்களாம். சாய்ந்து உட்கார்ந்தால் கிறீச்சிடுகிறதாம். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ஒரு ஆரஞ்சை உரித்தேன். பசவராஜு, இந்த வெற்றியைப் பேப்பரில் விளம்பரம் போட்டால் நாலு பேர் போன் பண்ணுவார்கள் என்று சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்.

ஜெசிந்தா படியிறங்கப் போனவர் நின்றார். என்னைப் பார்த்தார், பசவராஜுவைப் பார்த்தார், டெலிபோனைப் பார்த்தார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. உங்க போர்டுல இருக்கற நம்பர் தப்பு. சேர்றதுக்கு முன்னாடி நான் போன் பண்ணப்போ ஒரு மாவு மில்லுல எடுத்தாங்க, கிளாஸ் சைக்கிள் கடை மாடியில, நேரா போங்கம்மான்னு அவங்கதான் வழி சொன்னாங்க. நீங்க பெரியவங்க எழுதி மாட்டினது, நான் எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்.”

ஆக, அந்த போர்டுக்குக் கீழே தினமும் ஏறி இறங்கி ஊராருக்குத் தப்பு கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்த நானும், அத்தனை நாளும் அதற்கு ‘ஏ’ போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.